அச்சு முறுக்கு அச்சு: எந்த உலோகத்தை வாங்கலாம், எந்த வசனம் பொருந்தும்?

டிசம்பர் பிறந்ததும் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பரணிலிருந்து முதலில் இறங்குவது அச்சு முறுக்கு அச்சு. சபைப் பெண்கள் கூடுகையிலும் ஞாயிறு பள்ளியிலும் அதே அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு வேதபாடம் சொல்வதும் வழக்கம். சூடு, பொறுமை, உருவாகுதல் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடப்பதால் பாடத்துக்கு இது நல்ல பலகாரம். ஆனால் அச்சு சரியில்லை என்றால் முப்பது பேர் பார்க்க மாவு அச்சோடு ஒட்டிக்கொண்டு கருகும். அன்றைக்கு எந்த வசனமும் எடுபடாது. அதனால் கடையில் கிடைக்கும் அச்சுகளையும், அவற்றை வைத்துச் சொல்லப்படும் பாடங்களையும் சேர்த்தே இங்கே எடை போடுகிறோம்.

கடைகளில் பெரும்பாலும் நான்கு வகை கிடைக்கும்: வார்ப்புப் பித்தளை, வார்ப்பிரும்பு, அலுமினியம், நான்ஸ்டிக் பூச்சு போட்டது. முதலிடம் பித்தளைக்கு. காரணம் சூடு. ஒரே அளவு அச்சை எடுத்துக்கொண்டால் அலுமினியம் தாங்கி வைத்திருக்கும் சூடு, பித்தளை வைத்திருப்பதில் முக்கால் பங்குதான். போதாததற்கு அலுமினிய அச்சுகளை மெல்லிசாகவும் வார்க்கிறார்கள். எண்ணெயில் சீக்கிரம் சூடேறும் என்பது உண்மை; வெளியே எடுத்தால் அதே வேகத்தில் ஆறியும் போகும். வீட்டில் மடமடவென்று சுடுபவர்களுக்கு இது பெரிய குறையில்லை. பாடம் சொல்கிறவருக்குத்தான் வம்பு. அச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் பேசிவிட்டு மாவில் முக்கினால், அலுமினியத்தில் மாவு பிடிக்காது. பித்தளை கொஞ்சம் பேச்சைத் தாங்கும்.

வார்ப்பிரும்பு சூட்டைப் பித்தளைக்குச் சற்று மேலாகவே வைத்திருக்கும். பழகிவிட்டால் அதைவிட நன்றாகக் கழன்றும் வரும். குறை துருதான். வருடத்தில் பதினொரு மாதம் பரணில் கிடக்கும் பொருள் என்பதால், எண்ணெய் தடவாமல் வைத்தால் அடுத்த கிறிஸ்துமஸுக்குச் சிவந்த பொடியோடு இறங்கும். நான்ஸ்டிக் அச்சைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அச்சு முறுக்கில் மாவு முதலில் அச்சைப் பற்றிக்கொள்ள வேண்டும், பிறகு விட வேண்டும். பூச்சு போட்ட அச்சில் இரண்டாவது வேலை நன்றாக நடக்கும்; முதல் வேலை அரைகுறை. இதழ்கள் மெலிந்து, எடுக்கும்போதே உடையும்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது? அச்சைக் கவிழ்த்துக் கண்ணாடி மேசையின் மேல் வையுங்கள். ஆடினால் வேண்டாம், முக்கும்போது ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் நிற்கும். அடி விளிம்பில் கட்டை விரலை ஓட்டிப் பாருங்கள். வார்ப்பின் பிசிறு நகத்தில் தட்டுப்பட்டால், அந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறுக்கும் மாட்டிக்கொள்ளும். வளையச் சுவர்கள் மேலே தடித்தும் கீழே போகப் போக மெலிந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் வெந்தது கீழ்நோக்கி வழுக்கி இறங்கும். இதழுக்கு இதழ் சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி இல்லையென்றால் இரண்டு இதழும் மாவால் ஒட்டி அடைபடும். சிக்கலான நட்சத்திர வேலைப்பாடுகள் பார்க்க அழகு, சுடக் கஷ்டம். ஆறு இதழ்ப் பூ போதும். கம்பி ஒரு சாண் நீளத்துக்குக் குறையாமல், மேலே வளைந்து மரப்பிடியோடு இருக்கட்டும். கம்பி அச்சில் சேரும் இடத்தில் மரை இருந்தால் இறுக்கிப் பாருங்கள். சூடேறி ஆறி, ஏறி ஆறி அது தளரும். நடுவில் அச்சு கழன்று எண்ணெய்க்குள் விழுந்தால் தெறிப்பது யார் மேல் என்று சொல்ல முடியாது.

புது அச்சை அப்படியே எண்ணெயில் இறக்கினால் ஒன்றும் கழன்றுவராது. முதலில் வெந்நீரில் கழுவி, அரிசி கழுவிய தண்ணீரிலோ கஞ்சித் தண்ணீரிலோ பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஈரம் போகத் துடைத்துக் காயவையுங்கள். பிறகு தேங்காயெண்ணெயில் இரண்டு நாள் முழுக ஊறவேண்டும். சுடும் அன்று மிதமான தீயில் எண்ணெயோடு கால் மணி நேரம் சூடேற்றி, எண்ணெயிலேயே ஆறவிட்டு, மறுபடி சூடேற்றுங்கள். அப்படியும் முதல் நாலைந்து முறுக்கு பிய்ந்துதான் வரும். எண்ணெய் உலோகத்தின் மேல் மெல்லிய படலமாக வெந்து இறுகும் வரை அப்படித்தான். அதற்குப் பயந்து சோப்புப் போட்டுத் தேய்க்கிறவர்கள், உருவாகிவந்த படலத்தை உரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பித்தளையைப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கும் பழக்கமும் இங்கே ஆகாது. கறுத்த அச்சுதான் நல்ல அச்சு.

பாடம் சொல்கிறவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நல்ல முறுக்கு வந்த பிறகுதான் கூட்டத்துக்குக் காட்டுகிறார்கள். யாக்கோபு முதல் அதிகாரத்தில் விசுவாசத்தின் பரீட்சை பொறுமையை உண்டாக்கும் என்று வருகிறதே, அதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடையாது. உடைந்த அந்த நாலைந்தையும் தட்டில் வைத்துக் காட்டினால் பாதிப் பாடம் முடிந்தது. உடைந்ததும் தின்னத்தான் போகிறார்கள்.

மாவுக்கு வருவோம். வறுக்காத பச்சரிசி மாவு இரண்டு கப், மைதா கால் கப், பொடித்த சீனி முக்கால் கப்புக்குள், முட்டை ஒன்று, கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கப், உப்பு கால் டீஸ்பூன், கருப்பு எள் ஒரு டீஸ்பூன், ஏலக்காய்த் தூள் சிறிது. தளர்த்துவதற்கு இரண்டாம் பால். பதம், தோசை மாவைவிட ஒரு படி தளர்வு. கரண்டியின் முதுகில் பூசி, விரலால் கோடு இழுத்தால் கோடு உடனே மூடக்கூடாது. அரை மணி நேரம் மூடிவைத்தால் அரிசி மாவு பாலை உறிஞ்சிக் கெட்டிப்படும், அப்போது மறுபடி பதம் பாருங்கள். சீனி கூடினால் சீக்கிரம் சிவந்து, ஆறிய பிறகு நமத்துப்போகும், அச்சிலும் ஒட்டும். மைதா கூடினால் மொறுமொறுப்பு போய் ரப்பராகும். முட்டை வேண்டாம் என்பவர்கள் மைதாவை அரை கப்பாக்கலாம், இதழ் கொஞ்சம் தடிக்கும். அரிசி மாவு அடியில் படிந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு முறை முக்குவதற்கு முன்பும் கலக்க வேண்டும். இந்த அளவில், அச்சைப் பொறுத்து முப்பது முதல் நாற்பது வரை வரும்.

இனி முக்கும் இடம். வேலையும் பாடமும் சந்திப்பது இங்கேதான். அச்சு எண்ணெயில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எடுத்து, ஒட்டியிருக்கும் எண்ணெயை உதறி, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். எண்ணெய் சொட்டச் சொட்ட முக்கினால் மாவுக்கும் உலோகத்துக்கும் நடுவில் எண்ணெய் நின்று மாவைப் பிடிக்கவிடாது. விளிம்பு வரை முக்கினால் மாவு அச்சின் மேல் தளத்திலும் ஏறி மூடிக்கொள்ளும். அது வெந்ததும் தொப்பி போட்டதுபோல் பூட்டிக்கொண்டு, கத்தியால் சுரண்டினால் ஒழிய விடாது. மாவுக்குள் போகத்தான் வேண்டும், மாவுக்குள் மூழ்கக்கூடாது. யோவான் 17-ஆம் அதிகாரத்தில் சீஷர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அல்ல, தீமையிலிருந்து காக்கும்படி இயேசு வேண்டிக்கொள்ளும் பகுதிக்கு இதைப் பயன்படுத்துங்கள். இரண்டு விதமாகவும் முக்கிக் காட்டினால் போதும், விளக்கவுரை தேவைப்படாது. அச்சு முறுக்கை வைத்துச் சொல்லப்படும் பாடங்களில் எங்கள் கணக்கில் முதல் மதிப்பெண் இதற்கே.

சூட்டைப் பற்றிய பாடம்தான் அதிகம் சொல்லப்படுகிறது, அதிகம் தவறாகவும் சொல்லப்படுகிறது. ஆறிய அச்சை முக்கினால் சத்தம் வராது. மாவு வழிந்து கிண்ணத்துக்கே திரும்பும். வெளிப்படுத்தின விசேஷம் 3-ஆம் அதிகாரத்தில், குளிருமின்றி அனலுமின்றி இருப்பதாகக் கண்டிக்கப்படும் லவோதிக்கேயா சபையின் வெதுவெதுப்புக்கு இது பொருந்துகிறது, சரி. ஆனால் அங்கிருந்து தாவி, ‘எவ்வளவு அதிகம் காய்கிறதோ அவ்வளவு நல்லது’ என்று பலர் முடித்துவிடுகிறார்கள். அடுப்படி தெரிந்தவர்கள் உள்ளுக்குள் சிரிப்பார்கள். எண்ணெய் புகையும் அளவுக்கு அச்சு காய்ந்தால் மாவு தொட்டவுடன் பொங்கி விலகும். கிண்ணத்துக்குள்ளேயே வெந்த துணுக்குகள் மிதக்கும். எண்ணெய் 170 முதல் 180 டிகிரி வரை இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சொட்டு மாவு விடுங்கள். அடியைத் தொட்டு உடனே மேலே வந்து நுரைக்க வேண்டும், நிறம் மாறக்கூடாது. அச்சை முக்கும்போது ‘சுர்’ என்ற சின்னச் சத்தம், அவ்வளவுதான். வைராக்கியத்துக்கும் அறிவு வேண்டும் என்று ரோமர் 10-இல் பவுல் சொல்வதையும் சேர்த்துக்கொண்டால் பாடம் முழுமை பெறும்.

மாவு பிடித்த அச்சை எண்ணெயில் இறக்கி, அடியைத் தொடாமல் அரை நிமிடம் பிடித்திருங்கள். பிறகு லேசாக மேலும் கீழும் அசைத்தால் தானாகக் கழன்று மிதக்கும். அவசரப்பட்டுப் பத்து விநாடியில் உலுக்கினால் வேகாத இதழ் கிழியும். அச்சிலேயே முழுக்க வேகவிட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மிதந்ததைத் திருப்பிப்போட்டு, நுரை அடங்கியதும் எடுங்கள். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆற ஆற மொறுமொறுக்கும். கழன்றவுடன் அச்சை எண்ணெயிலேயே விட்டுவையுங்கள். அடுத்ததற்கு அது மறுபடி காயவேண்டும். பெற்றோர் கூடுகைக்கு ஏற்ற இடம் இது. பிள்ளைகளை எப்போது பிடித்துக்கொள்வது, எப்போது விடுவது என்று நீதிமொழிகளை எடுத்துப் பேசுகிறவர்கள், மூன்று முறுக்கை மூன்று நேரத்தில் உலுக்கிக் காட்டட்டும்.

எடுபடாத பாடங்களும் உண்டு. எள்ளைக் காட்டிக் கடுகு விதை உவமை சொல்வது அதில் ஒன்று. வீட்டில் கடுகு டப்பா இருக்கும்போது எள்ளை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? புளித்த மாவு உவமையையும் இங்கே இழுக்க வேண்டாம், அச்சு முறுக்கு மாவு புளிப்பதே இல்லை. அதற்கு ஆப்பத்துக்குப் போங்கள். உப்பைப் பற்றிய பாடம் கேட்டுக் கேட்டுப் புளித்தது என்றாலும், உப்புப் போட்டதும் போடாததுமாக இரண்டு கிண்ணம் மாவு கரைத்து, இரண்டிலும் சுட்டுத் தின்னக் கொடுத்தால் இன்னும் வேலை செய்யும். இனிப்புப் பலகாரத்தில் உப்பு இல்லாததை நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு குழப்பம், அச்சு யார் என்பது. ஒருவர் அச்சைக் கிறிஸ்து என்பார், கிறிஸ்து உங்களில் உருவாக வேண்டும் என்று பவுல் சொல்லும் கலாத்தியர் 4:19-ஐ எடுப்பார். அடுத்தவர் அதையே உலகம் என்பார், ரோமர் 12:2-ஐ எடுத்து, ‘இந்த அச்சுக்கு ஒத்துப்போகாதீர்கள்’ என்பார். இரண்டுமே செல்லும், ஆனால் ஒரே கூட்டத்தில் இரண்டும் செல்லாது. ஞாயிறு பள்ளிக்குக் கலாத்தியர் போதும்: அச்சு போய்விடும், அதன் உருவம் முறுக்கில் நிற்கும். ஒத்துப்போகாதே என்று சொல்லிவிட்டு அச்சில் வார்த்த நாற்பது முறுக்கைப் பரிமாறினால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இந்தப் பூ அச்சு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தம் என்ற தோரணையிலும் பேச வேண்டாம். கேரளத்தில் அச்சப்பம், நார்வே, ஸ்வீடன் வீடுகளில் கிறிஸ்துமஸ் ரோசெட் என்று இருப்பது போலவே, இலங்கையில் சிங்களப் புத்தாண்டுத் தட்டிலும் கொக்கிஸ் என்ற பெயரில் இருக்கிறது.

கூட்டத்தில் செய்து காட்டுவதானால் அகலத்தைவிட ஆழம் கூடிய இரும்புச் சட்டியும், அச்சு முழுகும் அளவுக்கு எண்ணெயும் வேண்டும். ஒரு லிட்டருக்குக் குறையாமல் ஆகும். சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் நிற்கக் கூடாது. பிள்ளைகள் இரண்டு கஜம் தள்ளி உட்காரட்டும். அச்சை இரண்டாக வாங்குங்கள்: ஒன்று எண்ணெயில் காய, மற்றொன்று கையில். பேசுகிறவரும் சுடுகிறவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது.

முடிவாக, வார்ப்புப் பித்தளையில் ஆறு இதழ் அச்சுக்கு ஐந்துக்கு நாலரை. விலை எடைக்கு எடை ஏறும், வாங்கினால் பேத்தி காலம் வரை வரும். துடைத்து எண்ணெய் தடவி வைக்கும் பழக்கமுள்ள வீடு என்றால் வார்ப்பிரும்புக்கும் அதே மதிப்பெண். அலுமினியத்துக்கு மூன்று, வருடத்துக்கு ஒருமுறை, ஒரு கிலோ மாவுக்குள் சுடுகிறவர்களுக்கு அது போதும். நான்ஸ்டிக்குக்கு ஒன்றரை. வேலை முடிந்ததும் சோப்பு வேண்டாம். சூடு ஆறுவதற்குள் பழைய பருத்தித் துணியால் இடுக்கு இடுக்காகத் துடைத்து, எண்ணெய் பூசி, செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வையுங்கள். மீந்த எண்ணெயை வடிகட்டி ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், தேங்காய்ப்பால் பட்ட எண்ணெய் சீக்கிரம் காறும். முறுக்கு நன்றாக ஆறிய பிறகே டின்னில் அடுக்கி இறுக மூடுங்கள். இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும்.