தங்கச்சிமடத்துப் பேய்வீடு: முற்றம் வரை அருமை

ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் கடற்கரைக்கு இறங்கும் சந்து ஒன்றில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டை, வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பத்தினர் அக்டோபர் கடைசியில் ஹாலோவீனை ஒட்டி மூன்று இரவுகளுக்குப் பேய்வீடாக மாற்றியிருந்தார்கள். கட்டணம் 50 ரூபாய். ஒரு நேரத்தில் ஆறு பேரை மட்டுமே உள்ளே விட்டதால், முக்கால் மணி நேரம் திண்ணையில் காத்திருந்தேன்.

ஹாலோவீன் என்ற பெயருக்கே நவம்பர் 1-ஆம் நாள் வரும் அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்கு முந்தைய இரவு என்றுதான் பொருள். அதற்கு அடுத்த நாள் கல்லறைத் திருநாள். கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றும் இத்தீவின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இறந்தவர்களை நினைக்கும் பருவம் பழகியதே; அவர்களைக் கண்டு அலறுவதற்குக் காசு கொடுத்து வரிசையில் நிற்பதுதான் புதிது.

வாசலில் குடைந்த பரங்கிக்காய்க்குப் பதிலாக, கட்டட வேலை நடக்கும் வீடுகளில் நாம் கட்டித் தொங்கவிடும் அரக்க முகத் திருஷ்டிப் பூசணிக்காய்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் அமெரிக்காவில் குடியேறிய பிறகே பரங்கிக்காய்க்கு மாறினார்கள் என்பதால், கிடைத்த காயில் முகம் வரைவது அந்த மரபுக்கும் ஒத்ததுதான்.

உள்ளே நடையைத் தாண்டி முற்றம் வரை உள்ள பகுதி, கொடுத்த பணத்துக்கு மேலேயே தந்தது. பவளக்கல் சுவர்கள், விளக்கில்லாத நடை, வாடைக்காற்றில் கூரையை உரசும் பனையோலை ஆகியவற்றை அப்படியே விட்டுவைத்து, கிழிந்த நைலான் வலையைப் பிரித்து ஒட்டடையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். முற்றத்து மூலையில் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து வலை ஊசியால் வலை பொத்திக்கொண்டிருந்தார். அவர் திரும்பவும் இல்லை, பேசவும் இல்லை. நாங்கள் அருகே வந்தபோது ஊசி பிடித்த கை மட்டும் நின்றது, கடந்து போனதும் மீண்டும் அசையத் தொடங்கியது. வீடு முழுவதிலும் எனக்கு உண்மையாகவே வியர்த்தது அந்த இடத்தில்தான்.

அடுத்து வந்த, இருட்டில் சட்டிக்குள் கைவிட வேண்டிய அறை இவ்வூருக்குச் சரிப்படவில்லை. 'தலைமுடி' என்று சொல்லி வைத்திருந்ததைத் தொட்டவுடனேயே எனக்கு முன்னால் நின்ற அம்மாள், "இது பாசிதானே தம்பி, மண்ணைக்கூட அலசலையே" என்று சொல்லிவிட, பேயாக நின்ற பையனே சிரித்துவிட்டான். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் வாழும் கரையில் இந்த வித்தை எடுபடாது.

இரண்டாங்கட்டில் அமைத்திருந்த ரயில் பெட்டியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது புயலலையில் சிக்கி, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒலிபெருக்கியில் அலறலையும் தண்ணீர் இரைச்சலையும் ஓடவிட்டு, ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே ஈரக் கைகளை நீட்டி அந்த இரவைக் காட்டியிருந்தார்கள். அந்தப் புயலில் உறவினரைப் பறிகொடுத்து, இன்றும் அதைச் சொல்லும் முதியவர்கள் இத்தீவில் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் வந்த பெரியவர் ஒருவர் அந்த அறையின் வாசலிலேயே நின்று, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். எப்போதோ வாழ்ந்ததாகக் கற்பனை செய்த ஒரு மீனவரின் பேயும் பெயர் சொல்லி அழப்படுகிறவர்களின் சாவும் ஒன்றல்ல என்பதை அமைத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும். கலை என்று பார்த்தாலும் அது தேறவில்லை. முற்றத்தில் ஓர் ஊசி செய்ததை இவ்வளவு இரைச்சலாலும் செய்ய முடியவில்லை.

பாதுகாப்பில் ஒரு பாராட்டும் ஒரு குறையும் உண்டு. ஓலைத் தடுப்புகள் நிறைந்த இடத்தில் மெழுகுவர்த்தியே இல்லாமல் மின்கல விளக்குகளை மட்டும் வைத்தது நல்ல முடிவு. ஆனால், புழக்கடைக் கதவை உள்ளிருந்து பூட்டி, வந்த வழியே திரும்பாவிட்டால் ரயில் அறையைக் கடந்தால் மட்டுமே வெளியேற முடியும் என்று வைத்திருந்தார்கள். 1984-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பேய்க்கோட்டை தீப்பற்றி எட்டு இளைஞர்கள் வெளியேற முடியாமல் இறந்ததற்குப் பிறகு, இத்தகைய இடங்களில் வெளிவழியே முதலில் கவனிக்கப்பட வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டும் நடத்தப்போவதாகச் சொல்கிறார்கள். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். மழை பிடித்துவிட்டால் முற்றத்தைத் தார்ப்பாயால் மூடி, வலை பொத்துபவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். அத்தகைய இரவில் 50 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.