கொழிஞ்சாம்பாறைத் தேநீர்க்கடை: வடை நன்று, கல்லாப் பக்கம்தான் உறுத்துகிறது

கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைக்குச் செல்லும் சாலையில் உள்ள இந்தக் கடையின் பருப்புவடையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மாலையில் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு வாழையிலைத் துண்டில் வைத்துத் தருகிறார்கள். ஓரம் மொறுமொறுவென்றும் உள்ளே கறிவேப்பிலை மணத்தோடும் இருக்கிறது. தேநீரில் தித்திப்பு சற்று அதிகம். முன்பே சொல்லிவிட்டால் குறைத்துப் போடுவார்கள்.

என் குறையெல்லாம் கல்லாவைப் பற்றியதுதான். அதன் பின்னால் சிகரெட் பெட்டிகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி ஒன்று, உள்ளே விளக்கு எரிய நிற்கிறது. மேல்பலகையில் பெயர் எதுவும் இல்லை, சிவப்பும் பொன்னிறமுமாக ஒரு பட்டை மட்டுமே. ஆயினும் அது எந்த சிகரெட் என்று புகைப்பழக்கமே இல்லாத எனக்கும் தெரிகிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்தபோது விற்கும் இடத்துக்கு விலக்கு அளித்தது. பின்னர் வந்த விதிகள் அதையும் 60 செ.மீ.க்கு 45 செ.மீ. பலகையாகச் சுருக்கி, அதில் வணிகப் பெயரோ, படமோ, விளக்கொளியோ கூடாது என்றன. பெட்டியின் முன், பின் பக்கங்களில் 85 விழுக்காட்டை அடைக்கும் எச்சரிக்கைப் படமும் வாசகமும் இங்கே பயன்படவில்லை. பெட்டிகளைப் பக்கவாட்டில் அடுக்கியிருப்பதால், கீழே இருக்கும் கடலைமிட்டாய் பாட்டிலுக்குக் கை நீட்டும் பிள்ளையின் கண்ணில் படுவது விளிம்பின் பளபளப்பு மட்டுமே.

உரிமையாளரிடம் கேட்டேன். "கம்பெனிக்காரங்களே சும்மா வெச்சுட்டுப் போனாங்க சார், கரண்ட் மட்டும்தான் என்னுது" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

பக்கத்துக் குளிர்பெட்டியின் கதவில் ஒரு மதுவகையின் பெயர், மது பாட்டிலில் இருக்கும் அதே எழுத்துருவில், கீழே பொடியாக 'சோடா' என்ற சொல்லோடு ஒட்டப்பட்டிருக்கிறது. தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை வந்த பின் நிறுவனங்கள் கண்டுபிடித்த பழைய குறுக்குவழி இது. கேரளத்தில் 23 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்த என் அண்ணன் மகளுக்கு வயது 7.

சென்ற வாரம் நான் மீண்டும் சொன்னபோது உரிமையாளர் சிரித்துக்கொண்டே அலமாரி விளக்கை அணைத்தார். நான் வண்டியை எடுப்பதற்குள் அது மறுபடியும் எரிந்தது. பிள்ளைகளோடு செல்பவர்கள் புளியமரத்தடியில் உள்ள பெஞ்சில் அமரலாம். வடையை அங்கேயே கொண்டுவந்து தருகிறார்கள்.