கிளட்ச் திடீரென்று போனால்: கேபிளா, ஆயிலா, பிளேட்டா?

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பாதிக்கு மேல் கடந்தாயிற்று. ஒரு வளைவில் இரண்டாம் கியருக்கு மாற்றக் கிளட்சை மிதித்தேன். பெடல் கீழே போனது, திரும்பி வரவில்லை. பாதத்தை அடியில் கொடுத்துத் தூக்கினால்தான் மேலே வந்தது. நாலைந்து முறை வேகவேகமாக மிதித்து எடுத்ததில் கியர் விழுந்தது. அதே கியரில் காரவள்ளி அடிவாரம் வரை உருட்டிக்கொண்டு வந்தேன். நாமக்கல்லில் முதலில் காட்டிய பட்டறையில் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "பிளேட் போயிடுச்சு சார், கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிளேட் பொதுவாகச் சொல்லிக்கொண்டுதான் போகும். நேற்று வரை நன்றாக இருந்து இன்று திடீரென்று கைவிடுவது பெரும்பாலும் பிளேட்டின் குணம் இல்லை.

குற்றம் இருக்கக்கூடிய இடங்கள் மூன்று. பெடலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள். கேபிள் இல்லாத வண்டியில் அந்த வேலையைச் செய்யும் ஆயில் சிலிண்டர்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். முதல் இரண்டையும் பெரும்பாலும் வெளியிலிருந்தே சரிசெய்யலாம். மூன்றாவதற்குக் கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும். பில் எகிறுவது அங்கேதான்.

எதையும் கழற்றுவதற்கு முன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கியரைப் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது எல்லாக் கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், மிதித்தும் கிளட்ச் எஞ்சினைக் கியர்பாக்ஸிலிருந்து பிரித்து விடவில்லை என்று பொருள். அணைத்தும் விழவில்லையென்றால் கியர் லிவர் பக்கம் பார்க்க வேண்டும். சரி, கிளட்ச்தான் என்று தெரிந்துவிட்டது. அடுத்து ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, கியர்பாக்ஸ் மேல் இருக்கும் கிளட்ச் லிவரைக் கவனியுங்கள். லிவர் அசையவில்லை, அல்லது அரைகுறையாக அசைகிறது என்றால் குற்றம் வெளியே. முழுதாக அசைந்தும் கியர் விழவில்லையென்றால் உள்ளே. இதைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

கேபிள் வண்டிகளில், அதாவது மாருதி 800, ஆல்டோ மாதிரியானவற்றில், சங்கதி எளிது. கேபிளின் இழைகள் ஒன்றிரண்டாக அறுந்துகொண்டே வரும். பெடல் கனக்கும், கரகரக்கும். நாம்தான் "பழைய வண்டி, அப்படித்தான்" என்று ஓட்டுவோம். ஒருநாள் டப்பென்று அறும். அப்புறம் பெடலில் கனமே இருக்காது, செத்த பாம்பு மாதிரிக் கிடக்கும். விலை சில நூறு ரூபாய்தான். ஒரு கேபிளை டிக்கியில் போட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், புத்திசாலிகள்.

இன்னோவா போன்ற கனமான வண்டிகளில் ஆயில்தான். பெடலுக்குப் பின்னால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கத்தில் அந்த ஆயிலின் வேகத்தில் லிவரைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர், நடுவே ஒரு பைப். பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டு, பம்ப் அடித்தால் கொஞ்சம் உயிர் வருகிறது என்றால் குற்றவாளி இவற்றில் ஒன்றுதான். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பா. கிளட்சுக்குப் போகும் குழாய் டப்பாவின் பக்கவாட்டில், சற்று மேலே இருக்கும். ஒழுகினால் முதலில் கிளட்ச் போகும், பிரேக்குக்கு ஆயில் மிஞ்சும். எதற்காக அப்படி வைத்தார்கள் என்று அந்த மலையில் புரிந்தது.

மாஸ்டரா, ஸ்லேவா? ஸ்லேவ் ஒழுகினால் அதன் ரப்பர் மூடியை நீக்கியதும் ஆயில் சொட்டும். மாஸ்டர் ஒழுகினால் வண்டிக்குள்ளேயே வரும். நான் இரண்டாவதாகப் போன பட்டறையில் ஒரு பெரியவர் ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, பெடலோடு சேர்ந்த கம்பியை விரலால் தடவினார். விரல் ஈரமாக வந்தது. காலடி மேட்டைத் தூக்கினால் அடியில் கார்ப்பெட் நனைந்து கிடந்தது. எங்கும் கசிவே இல்லாமல், சிக்னலில் மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதும் உண்டு. அது மாஸ்டருக்குள் ரப்பர் தேய்ந்து ஆயில் பின்னால் நழுவுவது. சில புது கார்களில் மட்டும் ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே, ஷாஃப்டைச் சுற்றி இருக்கும். அது ஒழுகினால் கியர்பாக்ஸை இறக்காமல் தப்ப முடியாது. இறக்கியதுதான் இறக்கினோம் என்று கிளட்ச் செட்டையும் சேர்த்து மாற்றிவிடுவது லாபம்.

பிளேட்டின் குறிகள் வேறு. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் இரையும், வண்டி ஏறாது, கருகல் நாற்றம் வரும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் மெல்லக் கிளட்சை விட்டுப் பாருங்கள். எஞ்சின் அணைந்துவிட்டால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் ஓடினால் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், மறுபடி செய்தால் நீங்களே எரித்துவிடுவீர்கள். உள்ளே திடீர்க் கோளாறே வராது என்று சொல்லவில்லை. ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் உடையலாம், பிரஷர் பிளேட்டில் விரல் மாதிரி நீண்டிருக்கும் ஸ்பிரிங் பட்டைகள் ஒடியலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பல நாள் கழித்து எடுத்தால், பிளேட் துருப்பிடித்து, எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தோடு ஒட்டியிருக்கலாம். அப்போது பெடலும் சரியாக இருக்கும், லிவரும் அசையும், கியர் மட்டும் விழாது.

கேபிளா ஆயிலா என்று கேட்டால், ஓட்டச் சுகம் ஆயில், நம்பச் சுகம் கேபிள் என்பேன். பிளேட் தேயத் தேயக் கேபிளில் பெடலின் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் இயங்கத் தொடங்குமுன் பெடல் சும்மா இறங்கும் தூரம், குறைவது காலுக்குத் தெரியும். ஆயில் அந்தத் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டி மறைத்துவிடும். ஆனால் பெரிய டீசல் வண்டியின் பிரஷர் பிளேட்டைக் கேபிளில் இழுத்தால் மாலைக்குள் முழங்கால் கழன்றுவிடும்.

பெரியவர், உள்ளே இருக்கும் ரப்பர்களை மட்டும் மாற்றும் கிட் போதுமா, புது மாஸ்டர் சிலிண்டரா என்று கேட்டார். நான் மலிவைப் பார்த்துக் கிட் என்றேன். சிலிண்டரின் உள்சுவரில் ஏற்கனவே துருக்குழிகள் இருந்திருக்கின்றன. நாலு மாதத்தில் புது ரப்பரையும் அவை தின்றுவிட்டன, மேட் மறுபடி நனைந்தது. அப்புறம்தான் முழு மாஸ்டரையும் மாற்றினேன். பிளேட் இன்றுவரை பழையதுதான்.