ஐவிட்னெஸ் ஆப்: போர்க்குற்றத்தைப் படமெடுப்பவர் கையில் இருக்க வேண்டிய கேமரா

2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி காட்டிய இலங்கைப் போர்க் காணொளியை நாம் மறந்திருக்க மாட்டோம். கை கட்டப்பட்டவர்களைச் சுட்டுக் கொல்லும் காட்சி. போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் கொடுத்து ஆராய்ந்து, உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். ஆனாலும் கோப்புக்குள் இருந்த தேதிக்கு விளக்கம் கிடைக்கவில்லை: 2009 ஜூலை 17. போர் முடிந்ததோ மே மாதம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இந்த ஒரு தேதி போதும்.

அந்த ஓட்டையை அடைப்பதுதான் ‘ஐவிட்னெஸ் டு அட்ராசிட்டீஸ்’ ஆப்பின் வேலை. சர்வதேச வழக்கறிஞர் சங்கம் 2015-ல் வெளியிட்டது. இலவசம், ஆண்ட்ராய்டு ஃபோனுக்கானது. ஆப்புக்குள் இருக்கும் கேமராவில்தான் எடுக்க வேண்டும். ஃபோனில் ஏற்கெனவே கிடக்கும் படத்தை ஏற்ற முடியாது. குறையாகத் தோன்றும், ஆனால் இதன் பலமே அதுதான். படத்தோடு ஜிபிஎஸ் இடம், நேரம், பக்கத்துச் செல் டவர்கள், வைஃபை சிக்னல்கள் எல்லாம் பதிவாகின்றன. கூடவே கோப்புக்கு விரல்ரேகை மாதிரியான ஹாஷ் எண்ணும் உருவாகிறது. கோப்பில் துளி மாறினாலும் அந்த எண் ஒத்துப்போகாது. ஆப்புக்குள்ளேயே பூட்டிய கேலரியில் இருந்து நேராகப் பாதுகாப்பான சர்வருக்குப் போகும். எடுத்தவர் பெயர் சொல்லத் தேவையில்லை.

சொதப்புவது பெரும்பாலும் அனுப்பும்போதுதான். நீளமான வீடியோ மெதுவான நெட்டில் ஏறாமல் நிற்கும். ஓரிரு நிமிடத் துண்டுகளாக எடுங்கள். அனுப்பாமல் ஆப்பை நீக்கினால் எல்லாம் போச்சு. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மூலப் பிரதியாக நினைக்காதீர்கள்; அதில் இட, நேர விவரம் உதிர்ந்துவிடும். லொக்கேஷனை அணைத்துவிட்டு எடுத்தாலும் பாதி பயன் போய்விடும்.

எடுக்கும் முறை: முதலில் தூரத்தில் நின்று முழு இடம், மசூதிக் கோபுரமோ மலையோ தெரிகிற மாதிரி. பிறகு நடுத்தூரம், கடைசியாகக் கிட்டத்தில். ஒவ்வொன்றிலும் பத்து விநாடி கை அசையக் கூடாது. தோட்டா உறையைத் தொடாமல், பக்கத்தில் அளவுகோலோ நாணயமோ வைத்து எடுங்கள். வர்ணனை வேண்டாம், உங்கள் குரலே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

இது கோர்ட்டில் நிற்குமா? நின்றிருக்கிறது. காங்கோவில் 2012-ல் நடந்த படுகொலைக்காக 2018-ல் இராணுவ நீதிமன்றம் எஃப்டிஎல்ஆர் என்ற ருவாண்டா ஹூட்டு ஆயுதக் குழுவின் தளபதிகள் இருவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. இந்த ஆப்பில் எடுத்த படங்கள் அங்கே சாட்சியமாகின. சம்பவத்தின்போது ஆப்பே கிடையாது. வருடங்கள் கழித்து எடுத்த படங்களும் பயன்பட்டன.

ஆனால் உத்தரவிட்டது யார் என்பதை ஆப் சொல்லாது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தின் 28-வது பிரிவில் ஒரு தளபதியைப் பிடிக்க, சுட்டவர்கள் அவருடைய கட்டுப்பாட்டில் இருந்தார்கள் என்றும் காட்ட வேண்டும். அதனால் பாதுகாப்பாக முடியுமானால், சடலத்தோடு நிறுத்தாதீர்கள்: சீருடைக் கையில் தைத்த சின்னம், வண்டி எண், சோதனைச்சாவடிப் பலகை, இவற்றையும் எடுத்துவிடுங்கள்.