கிடார் பாடிக்குக் காரைக்குடிப் பழைய தேக்கு: எந்தத் துண்டை வாங்கலாம்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எனாமல் தூக்குவாளிக்கும் பித்தளைச் சாமானுக்கும் பழைய கண்ணாடிப் படத்துக்கும்தான் போகிறார்கள். எலெக்ட்ரிக் கிடார் செய்பவர்கள் அங்கே பார்க்க வேண்டியது சுவரோரம் சாத்தி வைத்திருக்கும் மரத்தை. இடித்த செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்கு கிடார் பாடிக்கு, அதாவது கிடாரின் உடல் பகுதிக்கு, உண்மையிலேயே நல்ல மரம். ஆனால் கடையில் விலை ஏறுவது சிற்ப வேலைக்கும் பழைய நிறத்துக்கும். இரண்டும் இழைப்புளி பட்டதும் போய்விடும். நீங்கள் காசு கொடுக்க வேண்டியது பல பத்தாண்டுகள் காய்ந்து, முறுக்கெல்லாம் அடங்கிப்போன கட்டைக்கு.

அப்படிப் பார்த்தால் தூண் வேண்டாம். உருட்டுத் தூணில் மரத்தின் நடுமையம் உள்ளேயே இருக்கும். அங்கிருந்து வெளியே ஓடும் வெடிப்புகளைத் தாண்டிப் பாடிக்கு வேண்டிய பலகை தேறுவது கஷ்டம். மச்சுப் பலகை மெல்லிசு, பாடியின் மேல் ஒட்டும் மெல்லிய மூடிக்கு மட்டும் ஆகும். கூரைச் சட்டங்கள் பரவாயில்லை, ஒட்டு அதிகம் விழும். எல்லாவற்றிலும் சிறந்தது நிலைக்கால். கதவு விலைபோய், நிலை மட்டும் உடைந்து கிடக்கும் துண்டுகளைக் கேளுங்கள். சிற்பம் இல்லாத மொட்டை நிலைக்கால் என்றால் இன்னும் நல்லது, பேரம் படியும்.

அளவு இப்படி. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிடாரின் பாணியில் செய்யும் பாடியின் கனம் 1¾ அங்குலம். முரட்டுக் கட்டையாக 20 அங்குல நீளம், 14 அங்குல அகலம், 2 அங்குலக் கனம் வேண்டும். 5 அங்குல அகலமும் 4½ அங்குலக் கனமும் உள்ள நிலைக்காலில் 40 அங்குலம் வாங்கினால், அறுத்தபின் நான்கு பலகை வரும். மூன்றைப் பக்கவாட்டில் ஒட்டினால் பாடி, நாலாவது மேல்மூடிக்கு. மொத்தம் அரை கன அடிக்குக் கொஞ்சம் மேல். ஒட்டுப் போட்ட பாடி மட்டமானது என்று நினைக்க வேண்டாம். ஃபெண்டரின் 1950கள், 60களின் கிடார்களிலேயே இரண்டு மூன்று துண்டு ஒட்டியவை ஏராளம்.

கட்டையைக் கையில் எடுத்ததும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வளையங்கள் நெருக்கமாக, ரேகை நேராக ஓடினால் எடுக்கலாம். "பர்மா" என்ற பெயருக்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். நாட்டுத் தேக்கும் அதே குவியலில்தான் கிடக்கிறது. ஓரத்தில் வெளிறிய வெள்ளை மரம் இருந்தால் அதுதான் முதலில் உளுத்துப்போகும், அந்த அளவைக் கழித்து விலை பேசுங்கள். பொடிபொடியாக ஓட்டை இருந்து, தட்டும்போது மாவு கொட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பெரிய தொல்லை ஆணி. தலை முறிந்து உள்ளே தங்கிய இரும்பாணி மேலே தெரியாது. அதைச் சுற்றித் தேக்கு கருத்திருப்பதுதான் அடையாளம். சக்தியான காந்தத்தை நான்கு முகத்திலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஆணி இருந்தால் அறுவை மில்லில் பிளேடு போய்விடும், அடுத்த முறை உங்கள் கட்டையைத் தொடமாட்டார்கள். ஆணி எடுத்த துளையில் அதே மரத்தின் முளை வைத்து அடைக்கலாம்; கறுப்பு வளையம் மட்டும் போகாது.

நூறு வருஷ மரம் என்பதால் காய்ந்திருக்கும் என்று நம்பி உடனே ஒட்டிவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளியில் கிடந்த கட்டை மறுபடி தண்ணீர் குடித்திருக்கும். ஈரமானியில் 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அறுத்து, இடையில் குச்சி வைத்து அடுக்கி, வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றபின் இழைக்கலாம். பழைய எண்ணெய்ப் பெயின்ட் ஒட்டியிருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாமல், ஈரமாக்கிச் சுரண்டி எடுங்கள்.

இந்த மரத்தின் உண்மையான குறை எடை. ஃபெண்டர் கிடார்களுக்குப் போகும் ஆல்டர் மரம் ஒரு லிட்டர் அளவுக்கு சுமார் 450 கிராம். தேக்கு சுமார் 650. ஆல்டரில் 1.9 கிலோ வரும் பாடி தேக்கில் 2.7 கிலோவைத் தொடும். நெக்கும் (கிடாரின் கழுத்து) இரும்புச் சாமானும் சேர்ந்தால் இரண்டு மணி நேரக் கச்சேரிக்குத் தோள் தாங்காது. 1968இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்காக ஃபெண்டர் செய்த ரோஸ்வுட் டெலிகாஸ்டர் கிடாருக்கும் இதே பிரச்சினைதான். உள்ளே குடைந்துதான் செய்தார்கள். நீங்களும் குடையுங்கள். நெக்கிலிருந்து பிரிட்ஜ் (பாடியில் தந்திகளைத் தாங்கும் பாலம்) வரை நடுவில் 4 அங்குலத்தைத் தொடாமல், இருபுறமும் சேர்த்து ஒரு லிட்டர் அளவுக்கு எடுத்துவிட்டு, 6 மி.மீ. மூடி ஒட்டினால் அரைக் கிலோ குறையும். அவ்வளவு வேலை வேண்டாம் என்றால் அதே கடைகளில் பலா கேட்டுப் பாருங்கள். வீணைக்குப் போகும் மரம், பெரும்பாலும் தேக்கைவிட லேசு, ஒட்டுவதும் சுலபம்.

தேக்கில் சிலிக்கா உண்டு. சாதா உளியும் இழைப்புளியும் சீக்கிரம் மழுங்கும். ரூட்டருக்குக் கார்பைடு பிட்தான். மரத்தின் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. ஒட்டும் முகத்தை இழைத்த உடனே, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் எபாக்சி போட்டு இறுக்குங்கள். நேற்று இழைத்து வைத்ததை இன்று ஒட்டினால் ஒரு கோடையில் இணைப்பு வாய் திறக்கும்.

பூச்சு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய ஃபெண்டர் போலத் தேய்ந்த நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூச்சு) வேண்டும் என்று இந்த மரத்தில் நேரடியாக அடித்தால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும், பிறகு உரியும். முதலில் மெழுகு நீக்கிய அரக்கு பாலிஷ் இரண்டு மெல்லிய கோட் கொடுத்தே ஆகவேண்டும். அப்படியும் தேய்மானம் அந்தக் கிடார்கள் போல வராது. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆஷ் மரம். 1956 முதல் சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி ஓரத்தில் கருக்கும்) நிறத்துக்கு ஆல்டர். முன்கை படும் விளிம்பில் நிறம் மெலிந்து, அடிப்பூச்சு தெரிந்து, கடைசியில் மரம் சாம்பல் பாய்ந்து தெரிவதும், பெல்ட் கொக்கி உரசிய பின்பக்கமும் பல வருஷ வியர்வையும் உரசலும் செய்த வேலை. நைட்ரோவில் விழும் நுண்விரிசலோ, பூச்சு வயதாகி இறுகியபின் வெப்பம் சட்டென்று மாறுவதால் வருவது. உப்புத்தாளில் செய்த போலித் தேய்மானத்துக்கு விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும், கீறல்கள் ஒரே திசையில் ஓடும்.

தேக்குக்கு டங் எண்ணெய் (டங் மரக் கொட்டையின் எண்ணெய்) போதும். மெல்லிசாகத் தடவி, 15 நிமிஷத்தில் மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் அடுத்த கோட். மூன்று கோட் போதும். உரிவதற்குப் படலமே இல்லை. கை படும் இடம் கருத்துக்கொண்டே போகும், மங்கினால் மறுபடி துடைத்தால் சரியாகும். துடைத்த துணியைக் கசக்கிப் போடாமல் திறந்தவெளியில் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டிப் போட்ட எண்ணெய்த் துணி தானே தீப்பிடிக்கலாம்.