வளைய கிரகணம்: லிவா பாலைவனமா, திண்டுக்கல் மொட்டை மாடியா?

2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணத்துக்கு (நிலா நடுவுல மறைச்சு சூரியனோட ஓரம் மட்டும் மோதிரம் மாதிரி தெரியறது) எனக்கு ரெண்டு சாய்ஸ் இருந்துச்சு. நான் அப்ப அபுதாபியில வேலை, அக்கா வீடு திண்டுக்கல். நிழல் பாதை சவுதியில ஹொஃபூஃப் பக்கம் தொடங்கி கத்தார், அமீரகத்துல லிவா, ஓமன்னு வந்து கடலைத் தாண்டி காசர்கோடு, கோயம்புத்தூர், திண்டுக்கல், அப்புறம் யாழ்ப்பாணம்னு போச்சு. லிவாவுல வளையம் தெரிஞ்சு அரை மணி நேரத்துக்குள்ள அக்கா வீட்டு மாடியிலயும் அதே வளையம். எனக்கு ஒரு இடம் ஓசி, இன்னொன்னுக்கு பிளைட் டிக்கெட்.

நான் லிவா போனேன், அதனால கீழ எழுதறதுல அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், முன்னாடியே சொல்லிடறேன். திண்டுக்கல் பத்தி சொல்றதெல்லாம் மாமா போன்ல சொன்னதும் அனுப்பின போட்டோவும் வெச்சுதான்.

செலவு பத்தி பெருசா பேச ஒன்னுமில்ல. கிறிஸ்துமஸ் வாரத்துல ஊர் டிக்கெட் விலை தெரியும்ல. லிவாவுக்கு பெட்ரோலும் ஒரு நாள் லீவும் போதும், வியாழக்கிழமைங்கிறதால அடுத்த ரெண்டு நாள் எப்படியும் லீவுதான் (அப்ப அங்க வெள்ளி, சனிதான் வார லீவு). வளையம் நிக்கிற நேரமும் ரெண்டு இடத்துலயும் ஏறக்குறைய 3 நிமிஷம். மேகம்னு பார்த்தா டிசம்பர்ல நம்ம ஊர்ல வடகிழக்கு மழையோட வால் இருக்கும், மாமாவுக்கும் மேகம் வந்து வந்து போயிருக்கு. பாலைவனத்துல மேகம் இல்லன்னு நினைச்சா அங்க குளிர்காலத்துல மூடுபனி ஒரு பெரிய தொல்லை, எங்களுக்கு அன்னைக்கு இல்ல, அது அதிர்ஷ்டம்.

என்னைப் பொறுத்தவரை முடிவு பண்ண வெச்சது ஒரே விஷயம்தான், அந்த நேரத்துல சூரியன் வானத்துல எவ்வளவு உயரத்துல நிக்குதுங்கிறது. யாரும் இதைக் கேக்கறதில்ல, எல்லாரும் எத்தனை நிமிஷம்னுதான் கேக்கறாங்க.

லிவாவுல சூரியன் 7 மணியைத் தாண்டி உதிக்கும்போதே பாதி கடிச்ச பிஸ்கட் மாதிரிதான் வந்துச்சு, வளையம் 7:37 பக்கம், அப்ப உயரம் வெறும் 6 டிகிரி. திண்டுக்கல்ல 9:30 மணிக்கு மேல, உயரம் 37 டிகிரி. இது சின்ன வித்தியாசமா தெரியும், ஆனா போட்டோ எடுக்கறவனுக்கு மொத்த கதையும் இதுலதான் மாறுது. 400 எம்எம் லென்ஸ்ல சூரியன் சென்சார் மேல 4 மில்லிமீட்டருக்கும் கம்மியாதான் விழும், கருப்புல ஒரு மோதிரம், அவ்வளவுதான் படம், அதை யார் எங்க எடுத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாமா அனுப்பினதும் அதேதான், இன்டர்நெட்ல ஆயிரம் கிடக்கு. படத்துல இடம் தெரியணும்னா சூரியன் கூட ஏதாவது ஒன்னு நிக்கணும், ஒரு ஆளோ மரமோ ஒட்டகமோ.

கணக்கு இப்படி வருது. சூரியன் வானத்துல அரை டிகிரி அகலம். 1.7 மீட்டர் ஆள் 180 மீட்டர் தள்ளி நின்னாதான் சூரியன் அளவுக்குத் தெரிவான், ஒட்டகம்னா 300 மீட்டருக்கு மேல போகணும். அந்த 180 மீட்டர்ல 6 டிகிரிக்கு ஆளை நிறுத்தணும்னா நம்ம கேமராவை விட 19 மீட்டர் உயரமான மணல் மேடு வேணும், லிவாவுல தடுக்கி விழுந்தா அப்படி ஒரு மேடு. அதே 180 மீட்டர்ல 37 டிகிரிக்கு நிறுத்தணும்னா 136 மீட்டர் உயரம் வேணும். திருச்சி மலைக்கோட்டையே 83 மீட்டர்தான்.

இதை எல்லாம் பேப்பர்ல போட்டுட்டு ராத்திரியே கிளம்பிட்டோம், நானும் ரூம்மேட்டும். லிவாவுல மெசைராங்கிற ஊரைத் தாண்டி தல் மொரீப் மணல் மேட்டுக்குப் போற தார் ரோடு, எங்களுது சாதா கார், மணல்ல இறக்கவே இல்ல, ரோட்டு ஓரமா நிறுத்திட்டு நடந்தோம். விடியக்காலை பார்த்தா லென்ஸ் முன்னாடி கண்ணாடி பூரா பனி, துடைக்க துடைக்க திரும்ப படியுது. பாலைவனம்னா காய்ஞ்சு கிடக்கும்னு நினைச்சு ஒரே ஒரு துணிதான் கொண்டு போயிருந்தேன், கடைசியில அவன் குல்லாவைக் கழட்டி லென்ஸுக்கு மாட்டி விட்டோம்.

அடுத்த தப்பு திசை. சூரியன் கிழக்கேன்னு ஒரு மேட்டைப் பார்த்து வெச்சிருந்தோம், டிசம்பர்ல அது கிழக்குல இருந்து 25 டிகிரிக்கு மேல தெற்கே தள்ளி வரும்னு மண்டையில ஏறல. முதல் வெளிச்சம் வேற பக்கம் வந்ததும் ட்ரைபாடைத் தூக்கிட்டு ஓட்டம். அவன் மேட்டு மேல, நான் கீழ, போன் ஸ்பீக்கர்ல "இன்னும் வலது, இன்னும் வலது, நில்லுடா"ன்னு கத்திட்டிருந்தேன். 3 நிமிஷத்துல சூரியன் தன் அகலத்தை விட ஒன்னேகால் மடங்கு நகர்ந்துடும், சாஞ்சு மேல ஏறும், ஒருத்தன் ஒரே இடத்துல நின்னா வேலைக்கு ஆகாது.

கடைசியில ஆள் சரியா வளையத்துக்குள்ள வந்தான். படத்தைப் பார்த்தா அவனைக் காணோம்! சூரிய ஃபில்டர் போட்டா வானம் கருப்பு, நிலாவும் கருப்பு, அதுக்குள்ள நிக்கிற ஆளும் கருப்பு. வளையத்தோட அடிப்பக்கம் மட்டும் ஒரு சின்ன வெட்டு தெரிஞ்சுது, அது அவன் தோள். ஒட்டகமும் வளையமும் சேர்ந்த ஒரு பிரபலமான படம் அன்னைக்கு லிவாவுலதான் எடுத்தது, அந்த மாதிரி படத்துல வானமும் கொஞ்சம் வெளிச்சமா வரணும், அதுக்கு அடர்த்தி கம்மியான ஃபில்டரைப் போட்டு ஸ்க்ரீன்ல மட்டும் பார்த்து எடுக்கணும், வியூஃபைண்டர்ல கண்ணை வெச்சா கண்ணு போச்சு. எனக்கு அந்த வேலை கை வரல, தைரியமும் இல்ல. வளைய கிரகணத்துக்கு ஒரு நொடி கூட ஃபில்டர் இல்லாம பார்க்கக் கூடாதுங்கிறதையும் சொல்லிடறேன்.

அந்த வெட்டு விழுந்த வளையம்தான் இப்பவும் என் போன் வால்பேப்பர், அது வேற விஷயம்.

திண்டுக்கல் பக்கமும் நியாயமா ரெண்டு சொல்லணும். சூரியன் மேல இருந்ததால வெளிச்சம் சுத்தமா இருந்திருக்கு, மாமா படத்துல விளிம்பு ஷார்ப்பா இருக்கு, என்னுது கானல்ல அலையுது. அவர் ஷட்டர் 1/1000 நொடி வெச்ச இடத்துல நான் 1/125க்கு இறங்க வேண்டியிருந்துச்சு. வாசல்ல முருங்கை மர நிழல் பூரா குட்டி குட்டி வளையமா விழுந்துச்சாம், அக்கா பொண்ணு இடியாப்பத் தட்டைப் பிடிச்சு தரையில நூறு வளையம் காட்டியிருக்கா, அம்மா மட்டும் கிரகணம் விட்டு எல்லாரும் குளிச்சாதான் அடுப்புன்னு பிடிவாதமா உக்காந்திருந்தாங்களாம். குழந்தைங்களோட பார்க்கணும்னா கண்ணை மூடிட்டு ஊருக்குப் போங்க.

அப்புறம் மணல். வந்து ஒரு வாரம் கழிச்சு ஜூம் ரிங்கைத் திருப்பினா நறநறன்னு சத்தம். நான் லென்ஸ் கழட்டவே இல்ல, இருந்தும் உள்ள போயிருக்கு, நீட்டி மடக்குற லென்ஸ் ஒவ்வொரு தடவையும் காத்தோட தூசியையும் உறிஞ்சும். சர்வீஸ் செலவு போய் வந்த பெட்ரோலை விட அதிகம், அதுக்கப்புறம் விக்கலாம்னு பார்த்தா வாங்க வந்தவர் ரிங்கைக் காதுகிட்ட வெச்சுத் திருப்பிப் பார்த்துட்டுப் பாதி விலை கேட்டார். ஜூமை ஒரு இடத்துல வெச்சு டேப் ஒட்டிட்டு, மேல பிளாஸ்டிக் கவரைச் சுத்திட்டுப் போயிருக்கணும்.

இப்ப 2027 ஆகஸ்ட் 2 முழு கிரகணத்துக்கு எங்க போலாம்னு கேக்கறவங்களுக்கு இதே அளவுகோல்தான் சொல்வேன், ஆனா பதில் தலைகீழா வரும். எகிப்துல லக்சர் பக்கம் 6 நிமிஷத்துக்கும் மேல இருட்டு, மதியம் 1 மணி, வெயில் 40 டிகிரியைத் தாண்டும், சூரியன் 82 டிகிரியில உச்சந்தலைக்கு மேல. ஜெத்தாவும் கிட்டத்தட்ட அதே கதை. ஸ்பெயின் தென்முனை தரிஃபாவுல நேரம் கம்மி, நாலரை நிமிஷம் சொச்சம், ஆனா காலையில, சூரியன் உயரம் 38 டிகிரிதான். முழு கிரகணத்துல அந்த இருட்டை வெறும் கண்ணால பார்க்கலாம்ங்கிறதால எனக்கு இந்த தடவை நிமிஷம்தான் முக்கியம், லக்சர் பக்கம்தான் மனசு போகுது, ஆனா 40 டிகிரி வெயில்ல ட்ரைபாடை நிமிர்த்தி வெச்சு எடுத்த அனுபவம் எனக்கு இல்ல. ரூம்மேட் நானும் வரேன்கிறான். அவனை 180 மீட்டர் தள்ளி சூரியனுக்கு நேரா நிறுத்தணும்னா 1280 மீட்டர் உயரம் வேணும், புர்ஜ் கலிஃபாவே 828தான்னு சொன்னேன். அப்பாடா, இந்த தடவை நானும் கிரகணத்தைப் பார்ப்பேன்னான்.