தொட்டில் பழக்கம்: பைன்ஹர்ஸ்ட் குட்டி மைதானத்தில் ஏழு வருடங்கள்

அமெரிக்காவின் வட கரோலினாவில், நாங்கள் இருக்கும் கேரியிலிருந்து யூஎஸ்-1 நெடுஞ்சாலையில் தெற்கே போனால், சான்ஃபோர்டு தாண்டியதும் மண் மாறிவிடும். ராலே பக்கத்துச் சிவப்புக் களிமண் முடிந்து, வெளிறிய மணலும் நெடுநெடுவென வளர்ந்த பைன் மரங்களும் தொடங்கும். இரண்டு வருடத்துக்கு முன் உடன்குடியிலிருந்து வந்திருந்த அப்பா, காரில் இருந்தபடியே "நம்ம தேரிக்காடு வெளுத்துப் போன மாதிரில்லா இருக்கு" என்றார். பைன்ஹர்ஸ்ட் ரிசார்ட் கோல்ஃபுக்குப் பேர் வாங்கியதில் இந்த மணலுக்குப் பெரிய பங்கு உண்டு. மழை எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் தேங்காமல் உள்ளே இறங்கிவிடும். மறுநாள் காலையிலேயே விளையாடலாம்.

அங்கே 'த கிரேடில்' என்று ஒரு ஒன்பது குழி மைதானம் இருக்கிறது. 2018 வசந்தத்திலிருந்து போய்வருகிறேன். வருடத்துக்கு ஐந்தாறு தடவை என்று கணக்கு வைத்தால் நாற்பதை நெருங்கும். கோல்ஃப் பழக நினைக்கிற நம்மவர்கள் பலர் இதைப் "பிள்ளைகள் மைதானம்" என்று ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் கோல்ஃப் என்று ஏதாவது கற்றிருந்தால் அதில் பெரும்பகுதி இங்கே கற்றதுதான்.

அதற்கு முன்னால் ஒன்றரை வருடம், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு 18 குழி மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வயதில் மட்டையைத் தொட்டவன். பந்து காட்டுக்குள் போகும், தேடுவேன். பின்னாலேயே வண்டியில் ஒருவர் வந்து, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போகச் சொல்வார். ஐந்து மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்தால் என்ன கற்றோம் என்றே தெரியாது. சனிக்கிழமை முழுக்கப் போனதில் மனைவிக்கு வருத்தம். அது நியாயமான வருத்தம்தான்.

கிரேடில் என்றால் தொட்டில். பைன்ஹர்ஸ்டை அமெரிக்க கோல்ஃபின் தொட்டில் என்று சொல்வார்கள், அதிலிருந்து வந்த பெயர். 1895-ல் பாஸ்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ், சோடா இயந்திர வியாபாரத்தில் சம்பாதித்த பணத்தில் உருவாக்கிய ஊர் இது. 1900-ல் ஸ்காட்லாந்துக்காரர் டொனால்ட் ராஸ் வந்து சேர்ந்தார். அவர் வடிவமைத்த நம்பர் 2 மைதானத்தில்தான் சில வருடங்களுக்கு ஒருமுறை யூஎஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டி நடக்கிறது. குட்டி மைதானம் 2017-ல் வந்தது, வடிவமைத்தவர் கில் ஹான்ஸ். பத்து ஏக்கர்தான். அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து குழி வரையுள்ள தூரத்தை ஒன்பது குழிகளுக்கும் சேர்த்தால் 789 கெஜம். மிக நீண்ட குழி 127 கெஜம், மிகக் குட்டியானது 56. எல்லாமே பார் 3, அதாவது மூன்று அடியில் பந்தை உள்ளே போட வேண்டியவை, ஆக மொத்தம் 27.

56 கெஜம் என்றதும் அலட்சியம் வரும். எனக்கும் வந்தது. முதல் நாள் ஒன்பது குழிக்கு 44 அடி எடுத்தேன். கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, தட்டையாக இல்லை. மேடும் பள்ளமுமாய், ஓரங்கள் சரிந்து கிடக்கும். நன்றாக அடித்த பந்துகூட விழுந்த இடத்தில் நிற்காமல் மெதுவாக நகர்ந்து, அப்புறம் வேகமெடுத்து, கீழே மணலுக்குள் போய் உட்காரும். தூரமாக அடிக்கத் தெரிந்தவருக்கு இங்கே ஒரு சலுகையும் இல்லை. பந்து எங்கே விழ வேண்டும், எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று யோசிக்கிறவருக்குத்தான் இடம்.

2024 யூஎஸ் ஓப்பன் கடைசி நாளில் பிரைசன் டிஷாம்போ கோப்பையை வென்ற அடி எல்லோருக்கும் நினைவிருக்கும். பதினெட்டாவது குழியில் பங்கர் என்கிற மணல் பள்ளத்துக்குள்ளிருந்து சுமார் 55 கெஜம், குழிக்கு அருகே போய் நின்றது. அந்த இடம் கிரேடிலிலிருந்து கூப்பிடு தூரம். எங்கள் குட்டிக் குழியின் நீளமும் கிட்டத்தட்ட அதேதான். அன்றிலிருந்து அந்தக் குழியில் நிற்கும்போதெல்லாம் ஒரு அடிக்கு இரண்டு அடியாகப் பழகுகிறேன்.

புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே கிரீனில் இருப்பது பெர்முடா புல். அதாவது, பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறோமே, அந்த அருகம்புல் இனம்; அதிலிருந்து உருவாக்கிய மிக நுண்ணிய வகை. அருகம்புல் படர்கிற புல், ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். அந்தச் சாய்வு பந்தை இழுக்கும். இது புரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. புல் பளபளவென்று வெளிறித் தெரிந்தால் சாய்வு நம்மைவிட்டு விலகிப் போகிறது, பந்து ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் நம்மை எதிர்த்து நிற்கிறது, இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ள வேண்டும். சந்தேகமாக இருந்தால் குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் கத்தியால் வெட்டினாற்போல் சுத்தமாக இருக்கும். எதிர்ப்பக்கம் வேரறுந்து காய்ந்து, பிசிறு பிசிறாக நிற்கும். அந்தப் பிசிறு இருக்கும் பக்கமாகத்தான் புல் சாய்கிறது. இதைக் கற்ற பிறகு, கிரீனில் பந்தை உருட்டி அடிக்கிற என் பட்டிங் கணக்கு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. இப்போது எல்லா அடியும் சேர்த்து ஒன்பது குழிக்கு 31, 32-ல் நிற்கிறேன்.

எடுத்துப்போக மூன்று மட்டை போதும்: குறைந்த தூரத்துக்குப் பந்தை உயர்த்தி அடிக்கப் பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், கிரீனில் உருட்டப் பட்டர். பெரிய பையைத் தூக்காதீர்கள். டிரைவர் என்கிற பெரிய மட்டையால் தூரமாக அடிக்கிற சந்தோஷத்துக்காகவே கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு இது சரிவராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆரம்பித்தபோது ஆளுக்கு 50 டாலர். அன்று முழுக்க எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஆட முடிந்தது. பெரியவர் ஒருவர் பணம் கட்டினால் 17 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசமாக இருந்தது. இப்போதைய கட்டணத்தையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம்தான். மகளுக்கு அப்போது ஆறு வயது, இப்போது பதின்மூன்று. ஏழு வருடமாக நானும் அவளும் ஒரே இடத்திலிருந்து அடித்து, ஒரே கிரீனில் போய் முடிக்கிறோம். பெரிய மைதானத்தில் இது நடக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஆடுவாள். யாரும் முகம் சுளித்ததில்லை. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அமைதியை விரும்புகிறவர்கள் சற்றுச் சங்கடப்படலாம். எனக்கு முதல் மாதத்திலேயே பழகிவிட்டது.

பருவம் பார்த்துப் போக வேண்டும். குளிர்காலத்தில் பெர்முடா உறங்கிவிடும், தரை வைக்கோல் நிறத்துக்கு மாறும். ஆட்டம் கெடாது, பந்து இன்னும் வேகமாக ஓடும். ஜூலை, ஆகஸ்ட் மாலைகளில் இடிமழை வரும், நடுவிலேயே எல்லோரும் உள்ளே ஓட வேண்டியிருக்கும். வசந்தத்தில் பைன் மகரந்தம் மஞ்சள்பொடி தூவியதுபோல் எங்கும் படியும். அலர்ஜி உள்ளவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு போங்கள். ஆனால் அந்த நாட்களில் காலையில் முதல் ஆளாகப் போனால், கிரீனில் பந்து உருண்ட தடம் கோலம் இழுத்த கோடு மாதிரி அப்படியே தெரியும். நேராக அடித்தேன் என்று நினைத்தது எங்கே வளைந்தது என்று அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். வார இறுதி மதியங்களில் கும்பல் கும்பலாக வருவார்கள். எனக்குப் பிடித்தது அக்டோபர், நவம்பர் வார நாட்கள்.

இன்னொரு நல்ல செய்தி. முன்பெல்லாம் குட்டி மைதானங்கள் ஹேண்டிகேப் கணக்கில், அதாவது ஆட்டக்காரரின் திறமையைக் காட்டும் எண்ணுக்கான கணக்கில், சேராது. 2024 ஜனவரியில் விதி மாறியது. ஒன்பது குழிக்கு 750 கெஜம் இருந்தாலே மதிப்பிடத் தகுதி உண்டு. பார் 3 மைதானங்களை மதிக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது!

பக்கத்திலேயே திசில் டூ என்ற பதினெட்டு குழி பட்டிங் மைதானம், பட்டர் மட்டும் போதும். அப்பா வந்திருந்தபோது இங்கே கூட்டிப்போனேன். எழுபத்திரண்டு வயது, மூட்டுவலி. அதற்கு முன் கோல்ஃபை டிவியில்கூடப் பார்த்ததில்லை. பட்டரைக் கையில் கொடுத்ததும் கொஞ்ச நேரம் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னய்யா, இது நம்ம கோலிக்குண்டு ஆட்டந்தான?" என்று கேட்டுவிட்டு, பந்தைக் குழிக்கு நேராக விடாமல் மேட்டின் மேல் ஏற்றி விட்டார். வளைந்து இறங்கிக் குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆடினோம், உட்காரவே இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஊரில் மாலை ஆறரை, மகள் அந்த 56 கெஜக் குழியிலிருந்து தாத்தாவுக்கு வீடியோ போட்டாள். போனை நான் பிடித்துக்கொண்டேன். சாண்ட் வெட்ஜை எடுத்தவள் கொடியைப் பார்க்காமல், இடதுபக்க மேட்டைக் குறிபார்த்து அடித்தாள். பந்து மேட்டில் விழுந்து, திரும்பி, கொடியை நோக்கி உருளத் தொடங்கியது. வெயிலில் திரை மங்கி அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை போல. "குழில விழுந்துச்சா, இல்லியா? சொல்லுங்கடே!" என்று கத்திக்கொண்டிருந்தார். மகள் அதற்குள் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள்.